கோப்பிக் கடையில் சொன்னால்தான் பேச்சு

1. மெஷின் வராத காலை

நெல் வெட்டும் மெஷினை ஏற்றிய லொறி பாலத்தைத் தாண்டிவிட்டது என்று ட்ரைவர் நிமால் காலையில் போனில் சொன்னான். பாலத்திலிருந்து செல்வி அக்காவின் கோப்பிக் கடைச் சந்திக்கு வர அதிக நேரம் பிடிக்காது. வெயில் ஏறியும் லொறியைக் காணவில்லை. கடைக்கு முன்னால் வயல்காரர்கள் வெறும் சாக்குக் கட்டுகளோடு நின்றார்கள். நிமாலின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை.

“என்னகா சூசை, மெஷின் வாவிக்குள்ள இறங்கிட்டா?” என்று அடுப்படியிலிருந்து செல்வி அக்கா கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் போனைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

நான் வெட்டு மெஷின்களுக்கு வயல் பிடித்துக் கொடுப்பவன். வாவிக்கு மேற்கே உள்ள வட்டைகளில், அதாவது ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல் பரப்புகளில், மழைக்காலத்தில் விதைக்கும் பெரும்போக நெல் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விளைந்துவிடும். அத்தனை வயலையும் வெட்ட எங்கள் பக்கத்து மெஷின்கள் போதாது. பொலன்னறுவைப் பக்கமிருந்து லொறியில் ஏற்றி வருவார்கள். வருகிற ட்ரைவருக்கு எந்த வயல் யாருடையது என்று தெரியாது. வயல்காரருக்கு எந்த மெஷின் எப்போது வரும் என்று தெரியாது. இன்று யாருடைய வயல், அடுத்தது யாருடையது என்ற முறையை நடுவில் நின்று பேசி வைப்பதுதான் என் தொழில்.

எனக்குச் சொந்தமாக ஒரு வரம்புகூடக் கிடையாது. நான் டவுன் பக்கத்துக் கத்தோலிக்க ஆள். அந்த வட்டைகளில் எனக்குச் சொந்தக்காரரும் இல்லை. அதனால்தான் முறை வைக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் ஆண்டோடு முடிந்தது. எழுத்து மெதுவாகத்தான் வரும் என்பதால் ட்ரைவர்களுக்கு வொய்ஸ் மெசேஜ் போடுவேன். கந்தோர், அதாவது ஆபீஸ், என்று ஒன்று வைத்ததில்லை. செல்வி அக்கா கடையில் சுவரோரத்து மேசைதான் என் கந்தோர். அவர் கோப்பிக் கொட்டையோடு மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடிப்பார். அந்த வாசனை பிடித்துக்கொண்டே வயல்காரர்கள் காலையில் வந்துவிடுவார்கள். ஒவ்வொரு வீடாக நான் போக வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு இப்போது புதிதாகச் சில தம்பிமார் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், “அண்ணன், ஆக்களோட எங்க வச்சுக் கதைக்கிற? கந்தோர் ஒண்டு எடுக்கணுமா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மெஷின் எங்கே போனது என்பது மத்தியானம்தான் தெரிந்தது. பக்கத்து வட்டைக்காரன் பேரின்பம் அதைத் தன் வயலுக்குக் கொண்டு போய்விட்டான். முந்தின நாள் நான் நிமாலோடு போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தபோது பேரின்பம் இரண்டு மேசை தள்ளி வடை தின்றுகொண்டிருந்தான். நான் மெதுவாகத்தான் பேசினேன். ஆனால் அந்தக் கடையில் மெதுவாகப் பேசினால்தான் எல்லோரும் காது கொடுப்பார்கள். காலையில் அவன் மோட்டார் சைக்கிளோடு திருப்பத்தில் நின்று, “சூசையண்ணன் இந்தப் பக்கம் வரட்டாம்” என்று நிமாலிடம் சொல்லியிருக்கிறான். நிமாலும் திருப்பிவிட்டான்.

அடுத்த நாள் ஒன்றும் நடக்காத மாதிரிப் பேரின்பம் கோப்பி குடிக்க வந்தான்.

“மச்சான், கோபிக்காத. உன்ட மெஷின் நல்லா வெட்டிச்சு. ஒரு நெல்மணி சிந்தல்ல.”

“அது அவங்கட முறை, பேரின்பம்” என்றேன்.

“முறைய நீ ஏன் காதுக்குள்ள சொல்ற? பெலத்துச் சொன்னா நான் தொட்டிருப்பனா?”

அவன் சேட்டையாகத்தான் அதைச் சொன்னான். நாலு பேருக்கு மத்தியில் எனக்கு எப்போதும் பதில் வராது. வீட்டுக்குப் போகும் வழியில், பாலத்தில் வரும்போது, நல்ல நல்ல பதிலாக வரும்.

2. வாவிக்கரையில் ஏசி

என் மகள் டவுனில் போன் கடை ஒன்றில் வேலை செய்கிறாள். அவள்தான் சொன்னாள்: “அப்பா, ஊர்க் கடையில இருந்து கதைச்சா ஊரே கேக்கும். வாவிக்கரையில கஃபே ஒண்டு திறந்திரிக்காங்க. இப்ப எல்லாரும் அங்க இருந்துதான் வேலை பாக்குற. ஒரு கோப்பி எடுத்தாப் போதும், ஆரும் எழுப்ப மாட்டாங்க.”

முதல் நாள் கண்ணாடிக் கதவு வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். அடுத்த நாள் உள்ளே போயே தீருவது என்று முடிவெடுத்து, நல்ல சேட்டும் புதுச் செருப்பும் போட்டுக்கொண்டு போனேன். கவுண்டரில் நின்ற பிள்ளை என்ன கோப்பி வேண்டும் என்று கேட்டது. பலகையில் இருந்த பெயர்களை வாசித்து முடிக்க எனக்கு நேரம் எடுக்கும். முன்னால் நின்றவரின் கோப்பையைக் காட்டி, “அதுதான்” என்றேன்.

உள்ளே இருந்து பார்த்தபோதுதான் அது எவ்வளவு பெரிய கந்தோர் என்று தெரிந்தது. இரண்டு பொடியன்மார் காதில் வயரை மாட்டிக்கொண்டு லெப்டொப்பைப் பார்த்து இங்கிலிசில் பேசினார்கள். ஒரு மூலையில் ஏதோ நிறுவனத்து ஆட்கள் பைல்களோடு கூட்டம் வைத்தார்கள். இன்னொரு மேசையில் காணி விற்கிற ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்த தம்பதிக்கு வரைபடம் விரித்துக் காட்டினார். ஒருவரும் மற்றவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கூச்சமுள்ள ஒருவனுக்கு அதைவிட நல்ல இடம் வேறு எது?

அந்தப் போகத்தின் மிச்ச வயல்களுக்கு மெஷின் சொந்தக்காரர்களை அங்கேதான் வரச் சொன்னேன். எத்தனை மெஷின், எந்தக் கிழமை, ஹயர் வாடகை எவ்வளவு எல்லாம் அங்கேயே பேசி முடித்தோம். எந்த மெஷின் எந்தத் திருப்பத்தில் திரும்பும் என்பது எனக்கும் ட்ரைவருக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. பிறகு அந்தப் போகம் முடியும் வரை ஒரு மெஷினும் வழி மாறவில்லை. கஃபேயைக் குறை சொல்ல இதை எழுதவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

செல்வி அக்கா கடைக்கு நான் போவது குறைந்தது. போனாலும் குடித்துவிட்டு எழும்பிவிடுவேன்.

3. படம் கீறின கோப்பி

அடுத்த பெரும்போகத்தில் மார்கழி வெள்ளம் வேலுப்போடியாரின் விதைப்பை அள்ளிக்கொண்டு போனது. போடியார் என்றால் பெரிய வயல்காரர்; இவர் அந்த வட்டையில் நல்ல பேரெடுத்த மனிதர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். அவருடைய வயல் றோட்டோரம், பள்ளக் காணி. வெள்ளம் வடிந்ததும் மறுபடியும் விதைத்தார். அதற்குப் பின்னால் இருப்பது யோகேஸ்வரியின் வயல். அது மேடு என்பதால் வெள்ளம் ஒன்றும் செய்யவில்லை. யோகேஸின் புருசன் கட்டாரில் வேலை செய்கிறார். விதைப்பிலிருந்து மருந்தடிப்பு வரை எல்லாவற்றையும் அவளே நின்று பார்ப்பாள்.

யோகேஸின் வயலுக்கு மற்றப் பக்கமெல்லாம் வாய்க்காலும் பற்றைக் காடும். மெஷின் உள்ளே போக வேலுப்போடியாரின் வயல் ஒன்றுதான் வழி. மற்றப் போகங்களில் அவருடையதை முதலில் வெட்டுவோம். வெட்டிய நெல் தாளின் மேலாலேயே மெஷின் பின் வயலுக்குப் போய்விடும். இந்த முறை யோகேஸின் நெல் பழுத்துக் கதிர் கவிழ்ந்து நின்றது. போடியாருடையது பச்சை. அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. மெஷினுக்கு வழி விட வேண்டுமென்றால் அவர் தன் பச்சைப் பயிரில் ஒரு ஓரத்தை வெட்டிக் கொடுக்க வேண்டும்.

கேட்கக் கூசுகிற விஷயம். கேட்காமலும் இருக்க முடியாது. தினமும் பின்னேரம் வானம் கறுத்தது. ஒரு நல்ல மழை விழுந்தால் யோகேஸின் கதிர் படுத்துவிடும். படுத்து நனைந்தால் அந்த இடத்திலேயே முளைத்துப் போகும். முழு வயலையும் கையால் வெட்ட இப்போது ஆள் பிடிக்க முடியாது.

இருவரையும் கஃபேக்கு வரச் சொன்னேன். இவ்வளவு பக்குவமான பேச்சை ஊர்க் கடையில் பேசக் கூடாது என்று நினைத்தேன்.

போடியார் வெள்ளை வேட்டியோடு வந்தார். சோபாவில் இருந்ததும் பாதி ஆள் உள்ளே போய்விட்டார்.

“இது என்னகா, சேத்துக்குள்ள இறங்கின மாதிரி இரிக்கு” என்றார் மெதுவாக.

“முன்னுக்கு வந்து இரிங்க மாமா. நானும் நுனியிலதான் இரிக்கன்” என்றாள் யோகேஸ்.

கோப்பி வந்தது. நுரையின் மேலே இலை மாதிரி ஒரு படம் போட்டிருந்தது. போடியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடிச்சா இது அழிஞ்சிருமே.”

“அழிக்கத்தான் மாமா தாற.”

“பாவம் புள்ள, மினக்கெட்டுக் கீறி இரிக்காங்க.”

நான் விஷயத்தைத் தொடங்கினேன். “போடியார், யோகேஸ்ட வயலுக்கு மெஷின் போகணும். உங்கட கிழக்கு வரம்போரமா ஒரு மெஷின் அகலத்துக்கு வழி விட்டீங்களெண்டா வேலை முடிஞ்சிரும்.”

அவர் கண்ணாடி வழியாக வாவியைப் பார்த்தார். பக்கத்து மேசைப் பொடியன் இங்கிலிசில் ஏதோ சொல்லிச் சிரித்தான். போடியார் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார்.

“ம்… ஓம். விடுவம்.”

“அந்த ஓரத்துல உங்களுக்கு எவ்வளவு நெல்லு வந்திரிக்குமோ, அவ்வளவையும் என்ட நெல்லுல தாறன் மாமா.”

“அதெல்லாம் என்னத்துக்குப் புள்ள.”

கோப்பி ஆறும் முன் பேச்சு முடிந்துவிட்டது. ஒருவர் முகமும் கோணவில்லை. இப்படிச் சுலபமாக ஒரு வேலையை நான் முடித்ததே இல்லை என்று சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனேன்.

4. ஆருக்கு முன்னால?

நிமால் மெஷினோடு வந்த அன்று போடியார் தன் வரம்பில் நின்றார்.

“சூசை, மெஷின இறக்காத.”

“போடியார், அண்டைக்கு ஓம் எண்டீங்களே.”

“ஆருக்கு முன்னால சொன்னன்?”

அவர் என்னை ஏமாற்றக் கேட்ட கேள்வி இல்லை அது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தான் ஒரு வாக்குக் கொடுத்ததாக அவர் மெய்யாகவே நினைக்கவில்லை.

யோகேஸ் சைக்கிளை வரம்பில் சாய்த்துவிட்டு வந்தாள். “எனக்கு முன்னால சொன்னீங்க மாமா. நான் ஆளில்லையா?”

போடியார் அவளைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தார். “அது சும்மா கதைச்ச கதை புள்ள. மனுசர் இரிக்கிற இடத்துலயா கதைச்சம்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செல்வி அக்கா கடையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லைப் பேச்சோ, தண்ணீர் முறையோ, கலியாணப் பேச்சோ எதுவாக இருந்தாலும், வாக்குக் கொடுப்பவர் கடையில் இருக்கிற எல்லோருக்கும் கோப்பி சொல்வார். அந்தக் கோப்பியைக் குடித்த ஒவ்வொருவரும் அந்தப் பேச்சைக் கேட்டவர். பிறகு மாறினால், மாறியவர் அந்தக் கடையில் வந்து இருக்க முடியாது. இத்தனை வருடம் அந்தக் கோப்பியை நானும் குடித்திருக்கிறேன், ஏதோ உபசாரம் என்று நினைத்துக்கொண்டு. கஃபேயில் அவரவர் கோப்பியை அவரவர் குடித்தோம். எங்கள் பேச்சை ஒரு மனிதரும் கேட்கவில்லை. ஒருவரும் கேட்கக் கூடாது என்றுதானே அங்கே போனேன்.

நிமால் லொறிக்குப் பக்கத்தில் நின்று தன் சிங்களத் தமிழில் கத்தினான். “சூசை ஐயா, இறக்கவா, திருப்பவா? அடுத்தது பேரின்பம் ஐயாட வயல். அவர் ரெண்டு தரம் போன் கோல் எடுத்தது.”

மேற்கே வானம் ஈயம் மாதிரி இருந்தது. போடியார் வரம்பில் நடந்து போய்விட்டார்.

“நல்ல கந்தோர்தான் சூசையண்ணன்” என்றாள் யோகேஸ். “உங்களுக்கு ஏசி. எனக்கு முளைச்ச நெல்லு.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டு லொறியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நிமால், லொறியச் சந்தியில போடு” என்றேன். “நாளைக்குக் காலம்பறக் கடையில கதைச்சிட்டுச் சொல்றன்.”

“கடையிலயா?” என்றாள் யோகேஸ். “நீங்களா?”

“ஓம். நான்தான்.”

5. செல்வி அக்கா கடை

லொறி சந்தியில் நின்றதால் அடுத்த நாள் காலை கடை நிரம்பியிருந்தது. விஷயம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். போடியார் எப்போதும் இருக்கிற மூலையில் இருந்தார். பேரின்பம் நடு மேசையில் இருந்தான்.

“ஆரு இது?” என்றார் செல்வி அக்கா. “டவுன்ல கோப்பித் தூள் முடிஞ்சு போச்சா?”

“மச்சான், மெஷின் சும்மா நிக்கிது. எனக்கு அனுப்பு” என்றான் பேரின்பம்.

நான் கதிரையில் இருந்தேன். எழுந்தேன். திரும்ப இருந்தேன். கோவிலில் ஒரு பைபிள் வாசகம் வாசிக்கச் சொன்னால்கூடப் பின்வாங்குகிற ஆள் நான்.

“ஏசிக்குள்ள இருந்து தொண்டை அடைச்சிட்டு போல” என்று யாரோ சொல்ல, கடை முழுவதும் சிரித்தது.

வாசலில் யோகேஸ் நின்றாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இந்த முறை திரும்பக் கதிரையில் இருப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

“போடியார்.” என் குரல் எனக்கே வேறு ஆளுடையது மாதிரிக் கேட்டது. “உங்களை டவுனுக்குக் கூட்டிட்டுப் போய்க் கதைச்சது நான். அது இஞ்ச கதைக்க வேண்டிய கதை. எல்லாருக்கும் முன்னால மறுகா கேக்கன். யோகேஸ்ட வயலுக்கு மெஷின் போக வழி விடுவீங்களா, மாட்டீங்களா? மாட்டன் எண்டாலும் இஞ்சயே சொல்லுங்க. நான் லொறிய அனுப்பிடுறன்.”

சிரித்தவர்கள் எல்லோரும் போடியார் பக்கம் திரும்பினார்கள்.

போடியார் கிளாசைக் கீழே வைத்தார். “மாட்டன்” என்றார். சத்தமாகவே சொன்னார்.

“ஏன் மாட்டீங்க? அதச் சொல்லுங்க” என்றாள் யோகேஸ் வாசலிலிருந்து. “வெட்டுற பச்சைக்கு நெல்லுத் தாறன் எண்டுதானே சொன்னன்?”

“நெல்லா கேட்டன் நான்?” போடியார் எழுந்தே விட்டார். அவர் இப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. “என்ட தண்ணிய ஆரு தாற? மெஷின்ட செயின் ஏறினா அந்தக் கிழக்கு வரம்பு நிக்குமா? வரம்பு உடைஞ்சா என்ட வயல் தண்ணி முழுக்கக் கழிவு வாய்க்காலுக்குள்ள ஓடிரும். வெட்டுத் தொடங்கினதோட வட்டைக்குத் தண்ணி பூட்டியாச்சு. பால் பிடிக்கிற பயிர் தண்ணியில்லாம என்ன ஆகும்? ஒருக்கா வெள்ளத்துக்குக் குடுத்தன். மறுகா வெயிலுக்கும் குடுக்கச் சொல்றியா?”

“மழைதான் வரப்போகுதே மாமா!”

“வரும் எண்டு ஆரு எனக்கு எழுதித் தந்த?”

“பாருங்கடா” என்றார் ஒரு கிழவர். “அவளுக்கு மழை வந்தாக் கேடு. இவருக்கு வராட்டிக் கேடு.”

நான் போடியாரிடம் கேட்டேன். “இத ஏன் அண்டைக்கே எங்களுக்குச் சொல்லல்ல?”

“அந்த இடத்துல எப்பிடிகா சொல்ற? பக்கத்துல பொடியன் இங்கிலிசுல கதைச்சிட்டு இரிக்கான். எல்லாரும் ஆஸ்பத்திரியில இரிக்கிற மாதிரி இரிக்காங்க. அதுக்குள்ள நான் வரம்பு, தண்ணி எண்டு சத்தம் போடவா?”

பிறகு கடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மேற்கு வரம்பால் போகலாம் என்றார் ஒருவர். மேற்கில் மதகு இருக்கிறது, உனக்குக் கண்ணில்லையா என்றார் இன்னொருவர். பேரின்பம் மேசையில் தட்டினான்.

“கிழக்கு வரம்பக் காப்பாத்த ஏன் மினக்கெடுறீங்க? அது உடைஞ்சா உடையட்டும். ஒரு மெஷின் அகலம் உள்ளுக்குத் தள்ளிப் புது வரம்பு ஒண்டு போட்டாச் சரி. அந்த ஓரத்த மட்டும் வடிய விடு. மிச்சத் தண்ணியப் புது வரம்பு மறிக்கும்.”

“வயல் நீளத்துக்கு ஆரு போடுற? உன்ட மாமியாரா?” என்றார் போடியார்.

“மாமிக்கு இடுப்பு வலி. நான் வாறன்.”

“வாயால வரம்பு கட்டுறவங்க எல்லாம் எழும்புங்க பாப்பம்” என்று செல்வி அக்கா அகப்பையோடு முன்னால் வந்தார். “கோப்பி குடிக்க இத்தின பேர் இரிக்கீங்க. மண்வெட்டி புடிக்க எத்தின பேர்?”

ஒருவர் எழுந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் அந்தக் கிழவரும் வேறு மூன்று நான்கு பேரும் மட்டும்தான் இருந்தபடியே இருந்தார்கள்.

எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. “பேரின்பம், வரம்பு கட்ட இண்டைக்கு நாள் போயிரும். நாளைக்கு யோகேஸ்ட வயல். உனக்கு மெஷின் அதுக்குப் பிறகுதான்.”

அவன் தலையைச் சொறிந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

“என்ட கதிர் இன்னும் நிமிந்துதான் நிக்கிது. சரி, விடுறன். ஆனா நாளைக்குப் பின்னேரம் மெஷின் எனக்கு. அத நீ காதுக்குள்ள சொல்லாத, பெலத்துச் சொல்லு.”

“நாளைக்குப் பின்னேரம் மெஷின் பேரின்பத்துக்கு” என்று கத்தினேன். என் சத்தத்துக்கு வெளியே லொறியில் படுத்திருந்த நிமால் எழும்பி எட்டிப் பார்த்தான்.

போடியார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். யோகேஸைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு தன் பழைய மெதுவான குரலில் சொன்னார்:

“செல்வி, இரிக்கிற எல்லாருக்கும் கோப்பி போடு.”

அதுதான் சம்மதம். வேறு ஒன்றும் அவர் சொல்லவில்லை. செல்வி அக்கா எல்லோருக்கும் ஊற்றினார். வாசலில் நின்ற யோகேஸுக்கும், ஒன்றும் விளங்காமல் முழித்த நிமாலுக்கும் கொடுத்தார். எல்லோரும் குடித்துவிட்டுத்தான் மண்வெட்டி எடுக்கப் போனோம்.

6. ஒரே மழை

அன்று முழுவதும் சேறு. பச்சைப் பயிரை வெட்ட முதலில் கதிர் அறுக்கும் தாக்கத்தியோடு இறங்கியது யோகேஸ்தான். முதல் பிடியைப் பிடித்துவிட்டுப் போடியாரைப் பார்த்தாள். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, “வெட்டு புள்ள” என்றார். பின்னால் நாங்கள் மண் வெட்டிப் போட்டு வரம்பு எழுப்பினோம். இருட்டும் முன் ஓரத்துத் தண்ணீரை வடிய விட்டு, வெட்டிய பச்சையையும் பழைய வைக்கோலையும் அதன் மேல் பரப்பினோம்.

மறுநாள் வெயில் ஏற மெஷின் இறங்கியது. செயின் ஓரிடத்தில் புதைந்தது. நிமால் பின்னால் எடுத்து, இன்னும் வைக்கோல் போடச் சொல்லித் திரும்ப ஓட்டினான். போடியார் சொன்னபடியே கிழக்கு வரம்பு சரிந்து விழுந்தது. அவர் மெஷினைப் பார்க்கவில்லை. புது வரம்பில் வெறுங்காலோடு நின்று தன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இடத்தில் கசிந்தது. யோகேஸ் ஓடிப் போய்ச் சேற்றை அள்ளி அடைத்தாள். தண்ணீர் நின்றது.

பின்னேரம் கடைசிச் சாக்கை ட்ரெக்டரில் ஏற்றித் தார்ப்பாய்ப் படங்கு மூடும்போது பெரிய துளிகள் விழத் தொடங்கின. யோகேஸ் படங்கின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையை ஏசினாள். போடியார் அதே மழைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு தன் வரம்பில் நின்றார்.

பேரின்பத்துக்குச் சொன்ன பின்னேரம் மழையோடு போனது. அவனுடைய வயல் காயும் வரை மெஷின் சந்தியில் நின்றது. கதிர் படுக்கவில்லை, நெல்லும் கெடவில்லை. ஆனால் காத்திருந்த நாள் முழுவதும் அவன் என்னை விடவில்லை. “என்ட நாளக் குடுத்துத்தான் இவர் கந்தோர் நடத்தினவர்” என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டினான். அவன் சொன்னது சரிதான். அதனால் கேட்டுக்கொண்டு இருந்தேன். அந்த நாளுக்கு ஈடாக, அடுத்த மெஷினுக்கு முறை வைத்தபோது அவனை முதலில் வைக்கலாமா என்று கடையில் எழுந்து நின்று கேட்டேன். இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். பேசி முடிக்க மத்தியானமானது.

தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். கந்தோர் எடுக்க வேண்டாம். கஃபேக்கும் போங்கள், நானும் போகிறேன். மெஷின் சொந்தக்காரரோடு ஹயர் பேச அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்து வயல்காரர் இருவருக்கு நடுவில் உள்ள விஷயத்தை அமைதியான இடத்துக்குக் கொண்டு போகாதீர்கள். அங்கே ‘ஓம்’ சுலபமாக வரும். அந்த ஓமுக்கு அடியில் என்ன பயம் கிடக்கிறது என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது. சத்தம் போடக்கூடிய இடத்தில், அதைக் கேட்க ஆட்கள் இருக்கிற இடத்தில் வைத்துப் பேசுங்கள்.

எழுந்து நின்று பேச எனக்கு இன்றைக்கும் வேர்க்கும். வேர்வையைத் துடைத்துக்கொண்டு பேசுகிறேன். யாராவது ‘மாட்டன்’ என்று கத்தினால் முன்பு மாதிரிக் குனிந்துகொள்வதில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, ஏன் என்று கேட்கிறேன். என் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.